ஜப்பானியக் கலை வரலாறு: இணைய வழி ஆய்வு மூலங்கள்

ஓவியம், பௌத்தச் சிற்பம், மரக்கட்டை அச்சு, மட்பாண்டம், அரக்குவேலை எனப் பல பிரிவுகளைக் கொண்டது ஜப்பானியக் கலை. அதன் படைப்புகள் ஜப்பானில் மட்டுமின்றி அமெரிக்க, ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. இவற்றுள் பலவற்றின் படங்களையும் விவரங்களையும் இன்று இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். எங்கே தேடுவது, கிடைத்ததை எப்படிச் சரிபார்ப்பது என்ற இரண்டையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

முதன்மைத் தளங்கள்

கோல்பேஸ்: தோக்கியோ, கியோத்தோ, நாரா, கியூஷு தேசிய அருங்காட்சியகங்களின் சேகரிப்புகளை ஒரே இடத்தில் தேட உதவுகிறது. ஆங்கிலத்திலும் பயன்படுத்தலாம்.

ஜப்பான் சர்ச்: ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் நடத்தும் பொதுத் தேடல் தளம். 2020இல் முறைப்படி தொடங்கப்பட்டது. நூலகம், ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம் ஆகியவற்றின் தரவுகளை இணைக்கிறது.

உகியோ-எ தளம்: 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மரக்கட்டை அச்சுகளைக் கொண்டது. கையிலுள்ள படத்தைப் பதிவேற்றினால் அதை ஒத்த அச்சுகளைப் பல சேகரிப்புகளிலிருந்து காட்டும்.

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம்: நியூயார்க்கில் உள்ள இது, பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை 2017 முதல் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்த அனுமதிக்கிறது.

ஜானஸ்: ஜப்பானியக் கலை, கட்டடக்கலைச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கம் தரும் அகராதி.

தேடும் முறை

ஜப்பானியப் பெயரில் குடும்பப்பெயரே முதலில் வரும். ஆனால் கலைஞரைப் புனைபெயரால் சுட்டுவது வழக்கம். கத்சுஷிகா ஹொகுசாய் (1760–1849) தம் வாழ்நாளில் முப்பதளவு பெயர்களைப் பயன்படுத்தியவர். ஒரே பெயரில் தேடினால் பல படைப்புகள் அகப்படாமல் போகும். கலைஞரின் பெயரைக் கலைக்களஞ்சியப் பக்கத்திலிருந்து ஜப்பானிய எழுத்திலேயே நகலெடுத்துத் தேடினால் கூடுதல் முடிவுகள் கிடைக்கும். ஆண்டுகள் சில இடங்களில் அரசக் காலப்பெயரால் குறிக்கப்பட்டிருக்கும். மெய்ஜி 1 என்பது 1868. எனவே மெய்ஜி 20 என்பது 1887.

சரிபார்த்தல்: ஓர் எடுத்துக்காட்டு

ஹொகுசாயின் 'கனகாவா பேரலை' ஏறத்தாழ 1831இல் வெளியானது. 'பூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' என்ற வரிசையைச் சேர்ந்தது. பெயர் அப்படியிருந்தாலும் அவ்வரிசையில் 46 அச்சுகள் உள்ளன. மரக்கட்டையில் செதுக்கிப் பலமுறை அச்சிடப்பட்டதால் இதற்கு 'ஒரே அசல்' என்று ஒன்றில்லை. கட்டை தேயத் தேயக் கோடுகள் உடையும். பிந்திய படிகளில் தலைப்புப் பெட்டியின் ஓரக்கோட்டில் முறிவுகள் தெரியும். வானத்தின் இளஞ்சிவப்புச் சாயம் பல படிகளில் மங்கிவிட்டது. ஆகவே ஒரு படியைப் பார்த்துவிட்டு, "ஓவியர் வானத்தை வெறுமையாக விட்டார்" என்று எழுதினால், காலம் செய்ததைக் கலைஞர் செய்ததாகச் சொல்லும் பிழை நேரும். குறைந்தது மூன்று அருங்காட்சியகங்களின் படிகளை ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

குறித்துவைக்க வேண்டியவை

சமூக ஊடகங்களில் உலவும் படங்களில் மூலம் இருக்காது, நிறமும் மாற்றப்பட்டிருக்கலாம். எனவே ஒவ்வொரு படத்துடனும் அருங்காட்சியகத்தின் பெயர், பொருளின் பதிவெண், பார்த்த நாள், பயன்பாட்டு உரிமை ஆகிய நான்கையும் எழுதிவைக்க வேண்டும். படைப்பு பழையதென்றாலும் அதன் ஒளிப்படத்துக்குத் தனி விதிமுறை இருக்கக்கூடும். பதிவெண் இருந்தால், நம் கட்டுரையைப் படிப்பவர் அதே படியை எடுத்துப் பார்த்து நாம் சொன்னது சரியா என்று தாமே சோதிக்க முடியும்.