அறுந்த கண்ணி எது?

கடிதம் வந்து சேராவிட்டால் அஞ்சல்காரரிடம் கேட்கலாம். கணினித் திரையில் ‘இணைப்பு இல்லை’ என்னும் ஒரு வரி தோன்றிவிட்டால் யாரிடம் கேட்பது? உதவித்தொகைக்கான சான்றும் ஆசிரியர் அனுப்பும் பாடக்குறிப்பும் செய்திச் செயலியின் வழியே வந்துசேரும் காலம் இது. விண்ணப்பத்தின் இறுதி நாளில் இணைப்பு அறுந்தால் மனம் பதறுவது இயல்பே. ஆயினும், கண்டதையெல்லாம் அழுத்திப் பார்ப்பதைவிட, இணைப்பு எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்து, அஃது எங்கே அறுந்தது எனத் தேடுவதே முறை. உலாவியில் இயங்கும் வாட்ஸ்அப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு அம்முறையைக் காண்போம்.

திறந்தே இருக்கும் வாயில்

திறன்பேசிக்கான செயலியாக 2009ஆம் ஆண்டு தோன்றிய வாட்ஸ்அப்பை உலாவியிலும் பயன்படுத்தும் வசதி, 2015ஆம் ஆண்டு ஜனவரியில் அறிமுகமானது. சாதாரண இணையப்பக்கம் ஒன்றைத் திறக்கும்போது உலாவி கேட்கிறது, சேவையகம் தருகிறது, அத்துடன் அவற்றின் உரையாடல் முடிந்துவிடுகிறது. செய்திச் செயலிக்கு இது போதாது. நண்பர் எப்போது எழுதுவார் என்பது உலாவிக்குத் தெரியாது. ஆகவே, உலாவிக்கும் சேவையகத்திற்கும் இடையே ஒரு வாயில் எப்போதும் திறந்தே இருக்கவேண்டும். இதற்கு உதவும் ‘வெப்சாக்கெட்’ என்னும் நெறிமுறை 2011ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது.

செய்தித்தளம் திறக்கிறது, செயலி மட்டும் இணைய மறுக்கிறது. இப்புதிருக்கான விடை இங்கேதான் உள்ளது. பக்கத்தைப் பெறச் சில நொடி இணைப்புப் போதும். செயலிக்கோ அறாத இணைப்பு வேண்டும். அவ்விணைப்பைத் தாங்கும் கண்ணிகள் ஐந்து: வலையமைப்பு, கணினி, உலாவி, கணக்கின் பிணைப்பு, சேவையகம்.

வலையமைப்பும் கணினியும்

முதலில் வேறொரு தளத்தைத் திறந்து பார்க்க வேண்டும். முன்பே பார்த்த பக்கத்தை உலாவி தன் சேமிப்பிலிருந்தே காட்டக்கூடும் என்பதால், இதுவரை பார்க்காத பக்கத்தைத் திறப்பது நல்லது. அதுவும் திறக்கவில்லையெனில் குறை செயலியில் இல்லை, வலையமைப்பில் உள்ளது. ரவுட்டரை அணைத்துச் சிறிது நேரங்கழித்து மீண்டும் இயக்கலாம். பொது இடங்களின் வைஃபையில், நுழைவுப் பக்கத்தில் எண்ணைப் பதிவு செய்த பின்னரே இணையம் கிடைக்கும் என்பதையும் நினைவிற்கொள்க.

பிற தளங்கள் திறந்து செயலி மட்டும் இயங்காவிட்டால், கணினியைத் திறன்பேசியின் ஹாட்ஸ்பாட்டுடன் இணைத்துச் சோதிக்கலாம். அப்போது இயங்கினால் கணினியும் உலாவியும் பழுதற்றவை என்பது தெளிவு. பள்ளி, அலுவலக வலையமைப்புகளில் ஃபயர்வால் எனப்படும் தடுப்பரண் இத்தகைய செயலிகளைத் தடுத்திருக்கக்கூடும். அது பழுதன்று, நிருவாகத்தின் முடிவு. பொறுப்பாளரிடம் கேட்பதே அதற்கு வழி.

அடுத்து, கணினியின் நாளும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் தன்னை மெய்ப்பிக்க ஒரு மின்சான்றிதழைக் காட்டுகிறது. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் நாள் தவறாக இருந்தால், செல்லும் சான்றிதழையும் செல்லாததெனக் கருதி உலாவி இணைய மறுக்கும். தாய்ப்பலகையிலுள்ள சிறு மின்கலம் தீர்ந்துபோன பழைய கணினிகளில், மின்சாரத்தைத் துண்டித்ததும் நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுவதுண்டு. நாளைத் திருத்தினால் இணைப்பும் திரும்பும்.

உலாவியும் பிணைப்பும்

மூன்றாவது கண்ணி உலாவி. அதன் மறைநிலைச் சாளரத்தில் செயலியின் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். அச்சாளரம் பழைய சேமிப்புகளைப் பயன்படுத்தாது. நீட்சிகளும் பெரும்பாலும் அங்கே இயங்கா. அங்கே கியூஆர் குறியீடு தடையின்றித் தோன்றினால், குறை பழைய சேமிப்பிலோ நீட்சியிலோ உள்ளது என்று அறியலாம். நீட்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தபின், தேவையெனில் அத்தளத்தின் சேமிப்பை மட்டும் நீக்கலாம். நீக்கினால் கணக்கை மீண்டும் பிணைக்க வேண்டியிருக்கும்.

நான்காவது, கணக்கின் பிணைப்பு. தொடக்கக் காலத்தில் திறன்பேசியும் இணையத்தில் இருந்தால்தான் உலாவியில் செய்தி வரும். 2021ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாக அந்நிலை மாறியது. இன்று திறன்பேசி அணைந்திருந்தாலும் உலாவி தனித்து இயங்கும். ஆனால், 14 நாள்களுக்கு மேல் திறன்பேசியில் செயலியைப் பயன்படுத்தாவிட்டால் பிணைப்பு நீங்கிவிடும். அந்நிலையில், திறன்பேசியின் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதிக்குச் சென்று புதிதாகப் பிணைக்க வேண்டும். குறியீடு சிறிது நேரமே செல்லும். காலாவதியானால் பக்கத்தைப் புதுப்பித்துப் புதிய குறியீட்டைப் பெறலாம்.

நம் கையில் இல்லாத கண்ணி

ஐந்தாவது கண்ணி சேவையகம். 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள், ஃபேஸ்புக் நிறுவனத்தின் பராமரிப்புப் பணியின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அதன் தரவு மையங்களை இணைக்கும் வலையமைப்பைத் துண்டித்தது. தளத்தின் பெயரை எண்முகவரியாக மாற்றித்தரும் அதன் சேவையகங்களையும் எவராலும் அடைய முடியவில்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. அன்று ரவுட்டரை எத்தனை முறை அணைத்து இயக்கினாலும் பயன் விளைந்திராது. கணினியிலும் திறன்பேசியிலும் செயலி இயங்கவில்லை, வேறு ஊரிலுள்ள நண்பருக்கும் அதே நிலை என்றால், குறை பெரும்பாலும் சேவையகத்தில்தான் இருக்கும். காத்திருப்பதே அப்போது செய்யத்தக்கது.

அவசரத்தின் விலை

இணைப்பு அறுவதால் வரும் இழப்புச் சில மணி நேரமே. அதைச் சரிசெய்யும் அவசரத்தால் வரும் இழப்போ பெரிது. காப்புப்படி எடுக்காமல் திறன்பேசியிலுள்ள செயலியை நீக்குவோர் பழைய செய்திகளை இழக்க நேரிடலாம். ‘சரிசெய்து தருகிறேன்’ என்று அழைக்கும் அயலாரிடம் ஆறு இலக்கப் பதிவு எண்ணைச் சொன்னால் கணக்கே பறிபோகலாம். அவர் அனுப்பும் கியூஆர் குறியீட்டை நம் திறன்பேசியால் படித்தால், அவருடைய கணினியில் நம் உரையாடல்கள் விரியும். கணினி மையத்தில் பணி முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். மறந்துவிட்டாலும், திறன்பேசியிலுள்ள ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலிலிருந்தே அப்பிணைப்பை நீக்கிவிடலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து, விளைவைக் கண்ட பிறகே அடுத்ததைத் தொடுக. ஐந்தையும் ஒருசேர மாற்றினால் இணைப்பு ஒருவேளை திரும்பலாம். எதனால் அறுந்தது என்பது தெரியாமலே போகும். காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை அதே தடை வரும்போது பதற்றமின்றி அதைக் களைய முடியும். உடனிருப்பவருக்கும் உதவ முடியும்.