சட்டம் வந்தது, பேச்சு திரும்புமா?

ரொறன்ரோ, மிசிசாகா, எற்றோபிக்கோ, ஒன்ராறியோ. நாம் நாளும் சொல்லும் இந்தப் பெயர்கள் ஆங்கிலப் பெயர்கள் அல்ல. இந்த மண்ணின் முதற்குடிகளுடைய சொற்கள். 'கனடா' என்பதே 'கிராமம்' என்று பொருள்படும் அவர்களுடைய சொல்லிலிருந்து வந்தது. பெயர்கள் நிலைத்துவிட்டன. அவற்றைத் தந்த மொழிகளோ தளர்ந்துபோயின. இந்த நாட்டில் இன்றும் 70க்கும் மேற்பட்ட முதற்குடி மொழிகள் உண்டு. ஆனால் பலவற்றைச் சரளமாகப் பேசுவோர் முதியவர்களே.

இது தானாக நடந்ததல்ல. 150,000க்கும் மேற்பட்ட முதற்குடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வதிவிடப் பாடசாலைகளில் சேர்க்கப்பட்டனர். தாய்மொழியில் பேசிய பிள்ளைகளுக்கு அங்கே தண்டனை கிடைத்தது. பணம் கொடுத்தது அரசாங்கம். பெரும்பாலான பாடசாலைகளை நடத்தியவை திருச்சபைகள். கத்தோலிக்க சபை மட்டுமல்ல, அங்கிலிக்கன், மெதடிஸ்த, பிரெஸ்பிற்றேரியன் சபைகளும்தான். நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் ஞானஸ்நானம் பெற்றதும் இதே சபை மரபுகளில்தான்.

இதே சபைகளுக்கு வேறொரு வரலாறும் உண்டு. வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரி பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்த காலத்தில், அதே மிஷனைச் சேர்ந்த ஜேம்ஸ் எவன்ஸ் 1840இல் நோர்வே ஹவுஸில் கிறீ மொழிக்கு ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார். அந்த எழுத்தை மக்கள் ஒருவருக்கொருவர் கற்பித்துப் பரப்பினர். 1861-62இல் முழு வேதாகமமும் கிறீயில் அச்சானது. ஒரு கை எழுத்தைக் கொடுத்தது. மறு கை பிள்ளையின் வாயை அடைத்தது. இரண்டும் திருச்சபையின் கைகளே.

அங்கிலிக்கன் சபை 1993இலும், பிரெஸ்பிற்றேரியன் சபை 1994இலும், ஐக்கிய சபை 1998இலும் இதற்காக மன்னிப்புக் கேட்டன. 2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 94 அழைப்புகளை முன்வைத்தது. அவற்றில் 14ஆவது, முதற்குடி மொழிகளுக்கென ஒரு சட்டம் வேண்டும் என்றது. 2019 ஜூன் 21 அன்று அந்தச் சட்டம் ஒப்புதல் பெற்றது. அரசியலமைப்பு ஏற்றுக்கொண்ட முதற்குடி உரிமைகளில் மொழி உரிமையும் அடங்கும் என்று அது கூறுகிறது. மொழிகளை மீட்டெடுக்கப் போதுமான, நீடித்த நிதி வேண்டும் என்கிறது. தனி ஆணையாளர் அலுவலகம் ஒன்றையும் அமைத்தது. ஆயினும் இனுயிட் தலைவர்கள் அப்போதே அதிருப்தி தெரிவித்தனர். தங்கள் மொழியில் அரச சேவை பெறும் உரிமையை இச்சட்டம் உறுதிசெய்யவில்லை என்பது அவர்களுடைய குறை.

சட்டத்தால் பணம் ஒதுக்கலாம். பேச வைக்க முடியாது. பேச்சு மனிதரிடமிருந்து மனிதருக்கே போகவேண்டும். பிரான்ட்போர்ட் அருகே சிக்ஸ் நேஷன்ஸ் மக்களிடையே, வளர்ந்தவர்கள் முழுநேர வகுப்பில் அமர்ந்து மோஹாக் மொழியைக் கற்கிறார்கள். கற்றவர்கள் தங்கள் பிள்ளைகளோடு அதைப் பேசுகிறார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகச் சலிக்கும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. நாம் மறந்தாலும் தமிழ் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் வாழும். மோஹாக்குக்கு வேறு தாயகம் இல்லை.

பெந்தெகொஸ்தே நாளில் ஆவியானவர் எல்லோரையும் ஒரே மொழிக்கு மாற்றவில்லை. அவரவர் பிறந்த மொழியிலேயே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்கச் செய்தார். அதை விசுவாசிக்கிற நாம், வாலிபரே, இவ்வாண்டு செப்டம்பர் 30க்கு முன் ஒன்று செய்வோம். பிரான்ட்போர்ட்டில் 1970வரை இயங்கிய மோஹாக் வதிவிடப் பாடசாலையின் வரலாற்றை வாலிபர் கூட்டத்தில் படிப்போம். 13, 14, 15ஆம் அழைப்புகளைச் சேர்ந்து வாசிப்போம். நம் ஆலயம் யாருடைய நிலத்தில் நிற்கிறது, அவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்று அறிந்து, அந்த மொழிக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்போம்.