பெருக்கிப் பார்த்த காலம்

கொழும்பின் ட்ராம் வண்டிகள் கோட்டையிலிருந்து இரண்டு திசைகளில் ஓடின. ஒன்று பொரளைக்கு, மற்றது கிராண்ட்பாசுக்கு. பௌஸ்டெட் சகோதரர்கள் நிறுவனத்தின் கையில் இருந்த அந்தச் சேவை 1929இல் பெரும் வேலைநிறுத்தம் ஒன்றைக் கண்டது; 1944இல் மாநகர சபையிடம் வந்தது; 1960இல் நின்றது. சாரதியின் கையில் ஒரு பிடி இருக்கும். வண்டி புறப்படும் நேரத்தில் மோட்டருடன் தொடராகத் தடைகள் இணைந்திருக்கும். பிடியைப் படிப்படியாகத் திருப்பினால் அவை ஒவ்வொன்றாக விலகும், வண்டி வேகம் பிடிக்கும். வழங்கல் 500 வோல்ற்று, அனுமதிக்கத்தக்க மின்னோட்டம் 50 அம்பியர் என்று கொள்வோம். 500ஐ 50ஆல் வகுத்தால் 10 ஓம். மொத்தத் தடை அவ்வளவு இருக்க வேண்டும். 500ஐயும் 50ஐயும் பெருக்கினால் 25,000 வாற்று. வண்டி நகரத் தொடங்கும் அந்தக் கணத்தில் இவ்வளவு வலுவும் வெப்பமாகவே போய்விடும்.

இன்றைய மின்சார முச்சக்கர வண்டியில் அந்தத் தடைகள் இல்லை. மின்னணுச் சுற்று ஒன்று மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டியும் விட்டும் மோட்டருக்கு அளந்து கொடுக்கிறது. வீணாகும் வெப்பம் மிகக் குறைவு. ஆனால் சாரதியின் கை அசைவில் தடை கூடுவதையும் குறைவதையும் கண்ணால் காண இனி வழியில்லை.

வீட்டுக்குள் வந்தால் மாற்றம் இன்னும் ஆழமானது. கிராண்ட்பாஸ் வீதியிலும் அதன் ஒழுங்கைகளிலும் உள்ள வீடுகளில் ஒரு காலத்தில் எரிந்தவை குண்டு பல்புகள். 60 வாற்று பல்பின் கணக்கை ஒன்பதாம் வகுப்பு மாணவரும் போடுவார். 60ஐ வீட்டு வோல்ற்றளவான 230ஆல் வகுத்தால் 0.26 அம்பியர். 230ஐ அதே 230ஆல் பெருக்கி 60ஆல் வகுத்தால் ஏறத்தாழ 882 ஓம். எரியாத பல்பை மல்ட்டிமீற்றரால் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இழை சூடேறும்போதுதான் தடை அத்தனை மடங்கு உயர்கிறது. அதை முதன்முதலாக அளந்த மாணவர் மீற்றரைத்தான் சந்தேகிப்பார். பிறகு காரணம் விளங்கும். விளங்கியது மறக்காது.

கருவிகள் அன்று மெதுவானவை. முள் அசைந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். எந்த அளவுக்கோட்டில் வாசிப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். 10 அம்பியர் வரக்கூடிய இடத்தில் 1 அம்பியர் வீச்சை வைத்தால் மீற்றர் பழுதாகும். ஆகவே அளப்பதற்கு முன்பே, விடை எவ்வளவு இருக்கும் என்று மனத்தில் ஒரு மதிப்பு உருவாகியிருக்கும். பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் மடக்கை அட்டவணை அல்லது ஸ்லைட் ரூல். ஸ்லைட் ரூல் இலக்கங்களைத் தரும்; தசமப் புள்ளியைத் தராது. 4.3 அம்பியரா 43 அம்பியரா என்பதை ஆளே முடிவு செய்ய வேண்டும். இன்றைய டிஜிட்டல் மீற்றர் வீச்சைத் தானே தெரிவுசெய்து, தசமப் புள்ளியையும் இட்டு, விடையைத் திரையில் காட்டுகிறது. அது தவறினால் தவறென்று உணர்த்தும் அந்த முன்மதிப்பு பலரிடம் இப்போது இல்லை. இழந்தவற்றில் பெரியது இதுதான் என்பேன்.

பெற்றதும் சிறிதல்ல. அந்த 60 வாற்று பல்பின் இடத்தில் இன்று 9 வாற்று எல்.ஈ.டி. நாளுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் மாதம் 9 யூனிட் ஆன செலவு 1.35 யூனிட் ஆகிறது. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் உயர்ந்தபோது இந்த வேறுபாட்டின் அருமையைச் சிறு வீடுகளே முதலில் உணர்ந்தன.

ஆனால் இங்கே பழைய பெருக்கல் தடுமாறுகிறது. அத்தகைய எல்.ஈ.டி. ஒன்று 0.07 அம்பியர் எடுத்தால் 230ஆல் பெருக்க 16 வருகிறது; அது செலவிடும் வலுவோ 9 வாற்றுத்தான். உள்ளே இருக்கும் சுற்று, மின்னோட்டத்தை அலையின் உச்சியை ஒட்டிச் சிறு சிறு துடிப்புகளாக இழுப்பதால் வருவது இந்த வேறுபாடு. பாடசாலை ஆய்வுகூடத்தில் அம்பியர்மானியையும் வோல்ற்றுமானியையும் இறையோதற்றையும் இணைத்து நிக்குரோம் கம்பிக்கு வரைந்த நேர்கோடு இதற்குப் பொருந்தாது. அந்த 9க்கும் 16க்கும் உள்ள விகிதமான வலுக் காரணியையும் சேர்த்துப் பெருக்க வேண்டும். பொருள்கள் எளிமையாக இருந்த காலத்தில் கணக்கு மனிதரிடம் இருந்தது. பொருள்கள் சிக்கலான பிறகு அது கருவிக்குள் போய்விட்டது.

கேத்தலும் மின்னழுத்தியும் மட்டும் மாறவில்லை. அவை இன்றும் வெறும் தடைகளே. அன்றைய கணக்கு அப்படியே செல்லும். 2,000 வாற்று கேத்தலுக்கு 8.7 அம்பியர், 1,000 வாற்று மின்னழுத்திக்கு 4.35 அம்பியர், சேர்த்தால் ஒரு பிளக் தாங்கும் 13 அம்பியரைத் தாண்டுகிறது. உருண்டை முனைப் பிளக்குகளை விலக்கி, தனக்குள் பியூஸ் கொண்ட 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கை நாட்டின் ஒரே தரமாக இலங்கை ஏற்றது 2017இல். ஆனாலும் பழைய வீட்டுச் சுவர்களில் 5 அம்பியர் உருண்டைத் துளைகள் இன்னும் இருக்கின்றன. அவை தாங்குவது 1,150 வாற்று. உங்கள் வீட்டில் அப்படியொன்று இருந்தால், கேத்தலைச் செருகுமுன் அதன் அடியில் பொறித்திருக்கும் வாற்றை 230ஆல் வகுத்துப் பாருங்கள். விடை ஐந்தைத் தாண்டினால் அதில் செருகாதீர்கள்.