பாட்டு வேறு, பேரேடு வேறு

பெங்களூர் அல்சூரில் ஒரு தமிழ் வீடு, கூடத்தில் ஒரே கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா, 1939 முதல் நடந்துவரும் ராமசேவா மண்டலியின் ராமநவமிக் கச்சேரிகளுக்குச் சாமராஜப்பேட்டை கோட்டைப் பள்ளி மைதானத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தவர். தோடி ஆலாபனை முடிந்து அவர் கண் திறப்பதற்குள், 'ஷஃபிள்' பேரனின் கன்னட ராப்பை எடுத்துவிடுகிறது.

ஆளுக்கொரு நகல் எடுத்து வைப்பது வழக்கமான வைத்தியம். 128 கிலோபிட் எம்பி3-யில் மூன்று மணி நேரக் கச்சேரியே ஏறக்குறைய 170 எம்பி. இரண்டாகப் பெருக்கினால் வட்டு நிரம்புவதுதான் மிச்சம்.

அதற்குத் தேவையே இல்லை. ஐடியூன்ஸ் போன்ற மென்பொருள் 'லைப்ரரி' என்று சொல்வது பாட்டுகளை அல்ல. அது ஒரு பேரேடு. எந்தப் பாட்டு வட்டில் எங்கே இருக்கிறது, எத்தனை முறை கேட்டது, எத்தனை நட்சத்திரம் என்ற கணக்கு மட்டுமே அதில் இருக்கும். கிடங்கு ஒன்று, கணக்கு நோட்டு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் ஷிஃப்ட் விசையை (2019-க்கு முந்தைய மேக் என்றால் ஆப்ஷன் விசையை) அழுத்தியபடி ஐடியூன்ஸைத் திறந்தால், எந்த நோட்டு வேண்டும் என்று அதுவே கேட்கும், புதிதாகவும் தொடங்கலாம். சேர்க்கும் கோப்புகளை நகலெடுக்கும் அமைப்பை முதலில் அணைத்துவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

இன்னும் பத்திரமான வழி, ஆளுக்கொரு பயனர் கணக்கு. பேரேடு தானாகவே பிரிந்துவிடும். பாட்டுகளைப் பொதுக் கோப்புறையில் வைத்து, மற்றவர்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுக்கலாம். இல்லையென்றால் பேரன் அழித்த கோப்புக்குத் தாத்தாவின் பட்டியலில் ஓர் ஆச்சரியக்குறிதான் மிஞ்சும்.

பிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. பாட்டின் பெயர், பாடியவர் போன்ற விவரச்சீட்டு பேரேட்டில் மட்டுமல்ல, கோப்புக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது. 1996-இல் வந்த ஐடி3 முறையில் அதற்குக் கோப்பின் கடைசி 128 பைட், தலைப்புக்கு 30. மேற்கத்திய பாப் பாட்டை மனத்தில் வைத்துத் தைத்த சட்டை அது. ராகத்துக்குப் பையே கிடையாது. பின்னால் வந்த இரண்டாம் பதிப்பில் இசையமைப்பாளர் இடம் கிடைத்தது, அங்கே தியாகராஜர் உட்கார்ந்துகொண்டார். ராகம்தான் இன்னும் 'வகை' என்ற இடத்தில் ஒண்டுக்குடித்தனம்.

ஆகவே இருவர் பேரேட்டிலும் உள்ள ஓர் இளையராஜா பாட்டுக்குத் தாத்தா வகையைக் 'கல்யாணி' என்று மாற்றினால், பேரன் அடுத்த முறை அதை ஓடவிடும்போது அவன் திரையிலும் கல்யாணிதான்.