சாவி இல்லாமல் பூட்டுக்காரர் எப்படித் திறக்கிறார்?

மயிலாப்பூர்ப் பக்கம் பழைய வீட்டுத் தேக்குக் கதவில் பதித்த கனத்த பூட்டைப் பார்த்திருப்பீர்கள். சாவி தொலைந்தால், பூட்டுக்காரர் இரண்டு கம்பியோடு வந்து திறந்துவிடுகிறார். எப்படி?

பூட்டுக்குள் தகடுகள் அடுக்காக இருக்கும். மேலே '6 லீவர்' என்று எழுதியிருப்பது அவற்றின் எண்ணிக்கைதான். ஒவ்வொன்றிலும் ஒரு வெட்டு உண்டு.

வாசலில் நின்றால் கொல்லை தெரிகிற வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நிலைகள் எல்லாம் நேராக இருந்தால்தானே பார்வை போகும்? அதுபோல வெட்டுகள் நேரே வந்தால்தான் தாழ் நகரும். சாவி ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்குகிறது. கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காது. 1778இல் இங்கிலாந்தின் ராபர்ட் பாரன் செய்த கெட்டிக்காரத்தனம் அது.

அப்புறம் கம்பி எப்படி ஜெயிக்கிறது? எந்தப் பூட்டிலும் தகடுகள் அச்சுப்பிசகாமல் அமைவதில்லை. ஒரு கம்பியால் தாழை லேசாகத் தள்ளினால், ஏதோ ஒரு தகடு முதலில் இறுகும். இன்னொரு கம்பியால் அதை மெல்ல உயர்த்தினால் வெட்டு நேரே வந்து நிற்கும். உடனே அடுத்தது இறுகும். எல்லாம் விரலின் பழக்கம்!

சாவி கையில் இருந்தும் மழைக்காலத்தில் திறக்கவில்லையா? மரம் ஊதித் தாழை நெருக்கியிருக்கலாம். கதவை இழுத்துப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். ஆளைக் கூப்பிடுவதானால் கூலியை முன்பே பேசுங்கள். வந்ததும் டிரில்லை எடுப்பவரிடம், முதலில் கம்பியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.