கோடிகளுக்குக் கணக்குக் கேட்கிறவர்கள்!

அல்வா சாப்பிட்டால் வீட்டுக்குப் போக முடியாது!

டெல்லியில் மத்திய நிதி இலாகாவில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பட்ஜெட்டுக்குச் சில நாட்கள் முன்பு, பெரிய வாணலியில் அல்வா கிண்டுகிறார்கள். நிதி மந்திரியே எல்லோருக்கும் வழங்குகிறார். அதன் பிறகு, பட்ஜெட் தயாரிக்கும் ஊழியர்கள் பலர் அலுவலகத்திலேயே தங்கிவிட வேண்டும். நாடாளுமன்றத்தில் பட்ஜெட்டை வாசித்த பிறகுதான் விடுதலை!

ஏன் இந்தக் காவல்? 1950-ம் ஆண்டில் பட்ஜெட்டின் ஒரு பகுதி முன்கூட்டியே வெளியே கசிந்துவிட்டது. எந்தப் பொருளுக்கு வரி கூடும் என்பது முன்னாலேயே தெரிந்தால், பதுக்கல்காரர்களுக்குக் கொண்டாட்டம் அல்லவா?

கேள்வி கேட்பதே வேலை

பட்ஜெட் என்பது வீட்டு வரவு-செலவு போன்றதுதான். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எவ்வளவு வரும், எதற்குப் போகும் என்ற கணக்கு. ஒவ்வொரு இலாகாவும், "எங்களுக்கு இவ்வளவு வேண்டும்" என்று கேட்கும். கேட்டதை எல்லாம் கொடுத்தால் கஜானா தாங்காது. அதை அலசிப் பார்ப்பவரே பட்ஜெட் ஆய்வாளர்.

ஆஸ்பத்திரிகளுக்கு 10 வண்டிகள் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "பழைய வண்டிகள் ஓடுகின்றனவா? புது வண்டிகளுக்கு டிரைவர்கள் உண்டா? போன ஆண்டு கொடுத்த பணம் செலவாயிற்றா?" என்று அவர் கேட்பார். டிரைவர் இல்லாத வண்டி கொட்டகையில் துருப்பிடிக்கும். ஆனால், தேவையான வண்டியை வெட்டிவிட்டால், பிரசவ வேதனையில் துடிக்கும் தாய்க்கு வண்டி வராது! இரண்டையும் எண்ணிப் பார்த்த பிறகே அவர் பேனாவை எடுக்க வேண்டும்.

சேருவது எப்படி?

இதற்கென்று தனிப் பரீட்சை இல்லை. எந்தப் பட்டதாரியும் எஸ்.எஸ்.சி. பரீட்சை எழுதி, மத்திய செயலகத்தில் சேரலாம். பொருளாதாரத்தில் எம்.ஏ. படித்தவர்களுக்கு, யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதார சர்வீஸ் பரீட்சை இருக்கிறது. தமிழ்நாட்டுத் தலைமைச் செயலகத்தின் நிதி இலாகாவுக்கு டி.என்.பி.எஸ்.சி. மூலம் ஆள் எடுக்கிறார்கள். பெரிய கம்பெனிகளிலும் இதே வேலை உண்டு.

கூட்டல் கழித்தலை இன்று கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆகவே, கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது. "எதற்கு?" என்று கேட்கத் தெரிந்தவருக்கே மதிப்பு!

மளிகைச் சீட்டைப் பார்த்து, "போன மாதம் வாங்கிய சர்க்கரை என்ன ஆயிற்று?" என்று கேட்கிறாரே அம்மா, அவர் செய்வதும் இதே வேலைதான்!