உஷார்! விசாவுக்காக முன்கூட்டியே ரிஜிஸ்டரா?

"கல்யாணத்தை தையில வெச்சுக்கலாம் மாமி, மண்டபம் அப்பதான் கிடைக்குது. இப்போ பையன் வந்திருக்கறப்பவே ஒரு ரிஜிஸ்டர் மட்டும் பண்ணிட்டா, அங்கே போன கையோட விசா வேலையை ஆரம்பிச்சுடுவான்."

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை என்றால், மயிலாப்பூரோ தி.நகரோ அடையாறோ, நிச்சயதார்த்தம் முடிந்து காபி வரும் நேரத்தில் இந்தப் பேச்சும் வந்துவிடுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்கக் குடிமகன் தன் மனைவிக்காக ஐ-130 மனு போட்டு, அது பாஸாகி, ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டு, நேர்காணல் முடிந்து விசா கைக்கு வர ஒரு வருஷம் சர்வசாதாரணமாகத் தாண்டும். நடுவில் ஆடி, மார்கழி வேறு. பையனுக்கு மூன்று வாரம்தான் லீவு. பெண் வீட்டார் தலையாட்டிவிடுகிறார்கள்.

ஆட்டாதீர்கள். விசாவுக்காக இப்போது ஒரு பதிவு, ஊரறியப் பின்னால் ஒரு கல்யாணம் என்ற இந்த ஏற்பாடு இந்தியச் சட்டத்திலும் மாட்டும், அந்த நாட்டுச் சட்டத்திலும் மாட்டும். இரண்டிலும் மாட்டிக்கொண்டு நிற்கப்போவது உங்கள் பெண்.

2024 ஏப்ரல் 19 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு ஒன்று இருக்கிறது. வழக்கில் வந்த இருவரும் பயிற்சி பெற்ற பைலட்டுகள். 2021 மார்ச்சில் நிச்சயதார்த்தம். ஜூலையில் ஒரு சமிதியிடம் கல்யாணம் ஆனதாகச் சான்றிதழ் வாங்கி, அதைக் காட்டி உத்தரப் பிரதேச விதிகளின்படி பதிவும் செய்துகொண்டார்கள். சடங்கோடு கல்யாணம் 2022 அக்டோபரில் என்று தேதி குறித்திருந்தார்கள். அதற்குள் மனஸ்தாபம். வரதட்சணைப் புகார், விவாகரத்து வழக்கு என்று ஆளுக்கொரு ஊரில் கோர்ட் படி ஏறினார்கள். நீதிபதிகள் பி.வி.நாகரத்னாவும் அகஸ்டின் ஜார்ஜ் மசியும், கல்யாணமே நடக்கவில்லை, பிறகு விவாகரத்து எதற்கு என்று முடித்துவிட்டார்கள். பதிவுச் சான்றிதழ் செல்லாது என்று அறிவித்தார்கள்.

இந்து திருமணச் சட்டத்தில் 7-வது பிரிவு சடங்கைப் பற்றியது, 8-வது பிரிவு பதிவைப் பற்றியது. நடந்த கல்யாணத்துக்கு அத்தாட்சிதான் பதிவு. நடக்காத கல்யாணத்தைப் பதிவேடு நடத்திவைக்காது. நேரம் மிச்சமாகும் என்று விசாவுக்காக முன்கூட்டியே பதிவு செய்துகொள்வதையும், பெற்றோர் அதற்கு உடந்தையாக இருப்பதையும் தீர்ப்பு பெயர் சொல்லியே கண்டித்திருக்கிறது. பின்னால் அந்தக் கல்யாணம் நடக்காமலே போனால் இவர்களின் நிலை என்ன என்றும் கேட்டிருக்கிறது. நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-லேயே இதைச் சொல்லியாயிற்று: சடங்கு நடக்காமல் வாங்கிய பதிவுச் சான்றிதழ் போலிச் சான்றிதழுக்குச் சமம்.

ஆனாலும் நடக்கிறது. எப்படி என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்துக்கு ஆதாரம் கேட்பார்கள்: பத்திரிகை, கோயில் ரசீது, மாலையும் கழுத்துமாக ஒரு படம். கல்யாணம் தையில்தானே, பத்திரிகைக்கு எங்கே போவது? பதிவுக்கென்றே பத்துப் பத்திரிகை அச்சாகிறது. ஒற்றை மடிப்பு அட்டை, நான்கு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார், இரண்டு வீட்டுப் பெரியவர்கள் பெயர், முகூர்த்த நேரம் என்று ஒரு குறையும் இருக்காது. தேதியைப் பஞ்சாங்கத்தில் பார்த்தால் சில சமயம் அஷ்டமியாக இருக்கும்! அலுவலக வாசலில் நிற்கும் புரோக்கருக்கு இதெல்லாம் பேக்கேஜ். சாட்சிக்கும் ஆள் தருவார். வேலை முடிந்ததும் ஒரு பத்திரிகை அரசாங்கக் கோப்புக்குள் போய்விடுகிறது. அது பொய் ஆவணம். விண்ணப்பத்தில் 'திருமணம் நடந்த நாள்' என்ற கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர், காபி கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்.

இனி அமெரிக்கப் பக்கம் பாருங்கள். துணைத் தூதரகம் ஜெமினி மேம்பாலத்தடியிலேயே இருந்தாலும், மனைவிக்கான குடியேற்ற விசா நேர்காணல் இங்கே கிடையாது. பெரும்பாலும் மும்பைக்குப் போகவேண்டும். அங்கே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்புறம் இருக்கும் அதிகாரி கேட்கும் கேள்விகளில் ஒன்று, "எப்போது கல்யாணம் ஆயிற்று?" பெண்ணின் வாயில் இயல்பாக வருவது ஜனவரி. சான்றிதழில் இருப்பது ஆகஸ்ட். தாலி கட்டும் ஆல்பம் ஜனவரி. மாப்பிள்ளை மனுவில் எழுதிக் கையெழுத்திட்டது ஆகஸ்ட். கல்யாணம் எங்கே நடந்ததோ அந்த ஊர்ச் சட்டப்படி அது செல்லுமா என்றுதான் அமெரிக்கா பார்க்கும். ஆகஸ்டில் சடங்கே நடக்கவில்லை என்றால், மனு போட்ட அன்று இவர்கள் கணவன் மனைவியே இல்லை. மறுபடி முதலிலிருந்து மனு போடச் சொன்னால் தப்பித்தீர்கள். குடியேற்றத்துக்காகப் போட்ட பொய்க் கல்யாணம் என்று முடிவு கட்டிவிட்டால், பின்னால் வேறொருவரை உண்மையாகவே மணந்தாலும் அவர் போடும் மனுவையும் அங்கீகரிக்கச் சட்டம் விடாது. ஆயுள் தடை என்றே வைத்துக்கொள்ளலாம். தெரிந்தே செய்த மோசடி என்று வழக்கானால் 5 வருஷம் வரை சிறை.

"அதுக்குத்தான் கோயில்ல மாலை மாத்திடறோமே" என்று ஒரு சித்தப்பா சொல்வார். அவர் சொல்வது இன்னும் ஆபத்து. அண்ணா ஆட்சியில் 1967-ல் இந்து திருமணச் சட்டத்துக்கு நம் மாநிலம் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது, சுயமரியாதைத் திருமணத்துக்காக. உறவினரோ நண்பர்களோ முன்னிலையில் இருவரும் மாலை மாற்றினாலே போதும். அல்லது மோதிரம் போட்டாலே போதும். அல்லது தாலி கட்டினாலே போதும். ஐயர் வேண்டாம், அக்னி வேண்டாம். ஆக, மாட வீதிப் பக்கம் ஒரு சின்னக் கோயிலில், கணவன் மனைவியாக மாலை மாற்றிப் பதிவும் செய்துவிட்டால் அது முழுக் கல்யாணம். தையில் மண்டபத்தில் நடப்பது விருந்து. நடுவில் மாப்பிள்ளையின் வேறு முகம் தெரிந்தால், நிச்சயம் முறிந்தது என்று தட்டைத் திருப்பி அனுப்பிவிட முடியாது. குடும்ப நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் முடியாமல் விவாகரத்து மனுவே சாதாரணமாக எடுக்கமாட்டார்கள். பெண் அது வரைக்கும் 'திருமணமானவர்'.

அதாவது முன்கூட்டிய பதிவு ஒன்று பொய், இல்லாவிட்டால் நிஜம். பெரியவர்கள் நினைப்பதுபோல் நடுவாந்தரமாக ஒன்றுமே இல்லை.

நிஜமாகவே சீக்கிரம் முடிக்க நினைப்பவர்களுக்கு 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதில் சடங்கு தேவையில்லை. மூன்று சாட்சிகளோடு திருமண அதிகாரி முன்னால் உறுதி சொல்லிக் கையெழுத்திடுவதே கல்யாணம். பிள்ளையோ பெண்ணோ இந்து இல்லை என்றால் பெரும்பாலும் இதுதான் வழி. ஆனால் 30 நாள் நோட்டீஸ் உண்டு. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்கவும் வேண்டும். மூன்று வார லீவில் வருபவருக்கு இது கட்டி வராது, முன்பே திட்டமிட வேண்டும். அந்த நோட்டீஸ் காலத்தில் சிக்கிய ஒரு ஜோடிக்காக 2022 ஜூலையில் மதுரைக் கிளை ஒரு வழி திறந்துவிட்டது. மாப்பிள்ளை அமெரிக்கா திரும்பிவிட்டார். பெண் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில். வீடியோ மூலமே கல்யாணத்தை நடத்திப் பதிவு செய்யச் சொல்லி நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார்.

அதைக் கேட்டு ஜூமில் முகூர்த்தம் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். இந்தியாவில் செல்லும் கல்யாணம் விசா கவுண்டரில் செல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. இருவரும் நேரில் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த கல்யாணத்தை, அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து இல்லறம் நடத்தினால் ஒழிய, அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கணக்கில் எடுக்காது. கனடா இன்னும் கறார். போனிலும் இணையத்திலும் பதில் ஆள் வைத்தும் நடந்த கல்யாணங்களை 2015 ஜூனோடு ஸ்பான்சர் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது, ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. ஸ்கார்பரோ மாப்பிள்ளைகளுக்கு இங்கே பெண் கொடுக்கும் குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கனடாவில் பொய்த் தகவல் என்று முடிவானால் 5 வருஷம் உள்ளே போக முடியாது.

மற்ற ஊர்களுக்கு மற்ற வில்லங்கம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 11 முதல் மனைவியை அழைக்கும் கணவரின் ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு இருக்கவேண்டும். அதற்கு முன்பு 18,600. பெண் ஓ.எம்.ஆரில் எத்தனை லட்சம் சம்பாதித்தாலும் அந்தச் சம்பளம் கணக்கில் வராது. ஜெர்மனி என்றால் பெரும்பாலானவர்களுக்கு ஏ-1 ஜெர்மன் பரீட்சை. சிங்கப்பூரில் குடிமகனை மணந்ததாலேயே பி.ஆர். கிடைத்துவிடாது, அங்கே விசாவுக்காகப் பொய்க் கல்யாணம் செய்தால் 10 வருஷம் வரை சிறை.

கல்யாணத்துக்கு முன்பே காகித வேலையைத் தொடங்கித்தான் ஆகவேண்டும் என்றால், நேர்மையான கதவும் உண்டு. அமெரிக்கக் குடிமகன் தனக்கு நிச்சயமான பெண்ணுக்காகவே கே-1 விசா கேட்கலாம். இரண்டு வருஷத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், அங்கே போய் 90 நாளுக்குள் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். இதிலும் ஒரு கண்ணி: நம் நிச்சயதார்த்தப் படங்களில் மாலையும் மோதிரமும் நானூறு பேரும் இருக்கிறார்கள். ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று அதிகாரி நினைத்தால் தப்பு அவர் மேல் இல்லை. இந்த வழியில் போவதானால் விசா வரும்வரை மாலை மாற்றாதீர்கள்.

"விசா வர்ற வரைக்கும் டூரிஸ்ட் விசாவுல போய் இருந்துட்டு வரட்டுமே" என்று ஆறுதல் சொல்பவர்களையும் நம்பவேண்டாம். குடிமகனின் மனைவி, குடியேற்ற மனு வேறு நிலுவையில் என்றால், திரும்பி வருவேன் என்று அந்த அதிகாரியை நம்பவைப்பது மிகக் கஷ்டம். மேல்படிப்புக்கு மாணவர் விசா வாங்கும் எண்ணத்தில் இருந்த பெண்ணுக்கும் அதே கதிதான். ஒரு கையெழுத்தில் இரண்டு கதவையும் சாத்திக்கொள்கிறாள்.

தி.நகரில் மாடிப்படி ஏறினால் கிடைக்கும் 'ஆல் கன்ட்ரி' ஏஜென்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கல்யாணச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். வெளியுறவுத் துறை அதற்கு வாங்கும் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய், மற்றதெல்லாம் சேவைக் கட்டணம். அமெரிக்க ஐ-130 மனுவுக்கு அப்போஸ்டில் கேட்பதே இல்லை! அதற்குச் செலவழிக்கும் நேரத்தில் பெயரைச் சரிபாருங்கள். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல் என்று மூன்று ஆளாக இருக்கும் நம் பெண்களுக்கு, ஃபைல் அங்கேதான் நிற்கும்.

மாப்பிள்ளை சிட்டிசனா, கிரீன் கார்டா, ஹெச்-1பி-யா என்பதை அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சட்டக் கமிஷனே 2024 பிப்ரவரியில் வெளிநாட்டு இந்தியர் கல்யாணங்களுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று அறிக்கை கொடுக்கும் அளவுக்கு ஏமாற்று நடந்திருக்கிறது. பெண்ணுக்கும் ஒன்று சொல்லி அனுப்புங்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகுமுன் அமெரிக்கா போய் இறங்கினால் முதலில் கிடைப்பது இரண்டு வருஷ நிபந்தனை கிரீன் கார்டு; அதை நிரந்தரமாக்க இருவரும் சேர்ந்து மனு போட வேண்டும். "நான் கையெழுத்துப் போடலேன்னா உன்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க" என்று எவனாவது மிரட்டினால் அது முழு உண்மை இல்லை. கணவன் கொடுமைப்படுத்தினாலோ விவாகரத்து ஆனாலோ மனைவி தனியாகவே மனு போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. இங்கேயிருந்து புகார் செய்ய தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு இந்தியர் திருமணங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

அவசரம் என்றால் கல்யாணத்தையே முன்னால் வையுங்கள். இருபது பேரை வைத்துக் கோயிலில் தாலி கட்டி, தமிழ்நாடு சட்டம் சொல்லும் 90 நாளுக்குள் பதிவு செய்து, அந்த ஒரே தேதியை மனு, ஆல்பம், பத்திரிகை எல்லாவற்றிலும் போடுங்கள். தையில் மண்டபத்தில் நடப்பதற்கு 'வரவேற்பு' என்று அச்சடியுங்கள். சான்றிதழின் மூலப்பிரதி மாப்பிள்ளையின் பெட்டியில் போகவேண்டாம், பெண்ணின் கையில் இருக்கட்டும்.